எல்லாப் பெட்டியையும் திறந்து பார்க்கச் சொல்லுறவைக்கு

2025 ஜனவரியில் கொழும்புத் துறைமுகத்திலிருந்து 323 கொள்கலன்கள் வெளியே போன கதை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சோதிக்க வேண்டும் என்று குறிக்கப்பட்ட பெட்டிகள், திறந்து பார்க்காமலே விடுவிக்கப்பட்டன. துறைமுகத்தில் நெரிசல், லொறிகள் வரிசையில் நிற்குது, அதனால்தான் விட்டோம் என்றது அரசாங்கத் தரப்பு. அதுக்குள்ள என்ன இருந்தது என்று கேட்டன எதிர்க்கட்சிகள். விசாரணைக் குழு ஒன்றும் போட்டார்கள். எங்கட கம்பஸ் கன்டீனில் ரெண்டு கிழமையாக இதுதான் கதை. கதை எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும்: "எல்லாத்தையும் திறந்து பாக்க வேண்டியதுதானே? அதுக்குத்தானே சுங்கம் இருக்கு?"

நானும் அப்படித்தான் நினைச்சுக்கொண்டிருந்தேன். லீவுக்கு வவுனியாவுக்குப் போனபோது அப்பாவிடமும் அதைத்தான் சொன்னேன். அப்பா கணக்குக் கொப்பியில் இருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "எல்லாத்தையும் திறந்து பாத்தா என்ன நடக்கும் எண்டு எனக்குத் தெரியும் பிள்ளை. நான் மதவாச்சியில நிண்டவன்."

அப்பாவுக்குச் சின்னப் பலசரக்குக் கடை. யுத்தத்தின் கடைசி வருசங்களில் தெற்கிலிருந்து வவுனியாவுக்கு வாற சாமான் மதவாச்சிச் சோதனைச்சாவடியில் ஒரு லொறியிலிருந்து இறங்கி, சோதிக்கப்பட்டு, இன்னொரு லொறியில் ஏற வேண்டும். அரிசி மூட்டை, சீனி மூட்டை, தம்புள்ளை மரக்கறி, பிஸ்கட் பெட்டி, எல்லாம். எனக்கு அப்போது நாலு, ஐந்து வயது. அப்பா விடியப் போனால் இருட்டினாப் பிறகுதான் வருவார் என்பது மட்டும் ஞாபகம் இருக்கு.

"முதல் இருபது மூட்டையையும் நல்லாக் குத்திப் பாப்பாங்கள். நாப்பதாவது மூட்டை வரேக்க அவங்களுக்கும் கை வலிக்கும், வெயில் ஏறியிருக்கும். பிறகு சும்மா தட்டிப் பாத்திட்டுப் போ எண்டுவாங்கள். அண்டைக்கு ஆரும் எதையாவது கொண்டு போக நினைச்சிருந்தா எத்தினையாவது மூட்டையில வச்சிருப்பான், சொல்லு பாப்பம்?" என்று கேட்டார். பிறகு தக்காளியைப் பற்றிச் சொன்னார். ஏத்தி இறக்கியதில் கால்வாசி நசிஞ்சு போகுமாம். "அந்தக் கால்வாசிக் காசை ஆமி தரேல்ல. கடைக்கு வந்த சனம்தான் தந்தது."

இந்தக் கட்டுரை அந்தத் தக்காளியைப் பற்றியதுதான்.

முதலில் ஒரு பெட்டியைத் திறந்து பார்ப்பது என்றால் என்ன என்று பார்ப்போம். கொழும்புத் துறைமுகம் வருசத்துக்கு 70 இலட்சத்துக்கும் மேற்பட்ட கொள்கலன் அலகுகளைக் கையாள்கிறது. (20 அடிப் பெட்டி ஒன்று ஓர் அலகு, 40 அடிப் பெட்டி ரெண்டு அலகு.) இதில் பெரும்பங்கு எங்கட நாட்டுக்கு வாற சாமான் இல்லை; ஒரு கப்பலில் இறங்கி இன்னொரு கப்பலில் ஏறிப் போகிற மாற்றுச் சரக்கு. மிச்சம்தான் எங்கட கடைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் வருவது. அந்தப் பெட்டிகளின் பத்திரங்கள் சுங்கத்தின் அசிக்கியூடா என்ற கணினி முறைமைக்குள் போகும். கணினி ஆபத்தை மதிப்பிட்டு நிறம் கொடுக்கும். பச்சை என்றால் போகலாம். மஞ்சள் என்றால் பத்திரத்தைச் சரிபார்க்க வேண்டும். சிவப்பு என்றால் பெட்டியைத் திறக்க வேண்டும்.

சிவப்பு விழுந்த பெட்டி துறைமுகத்திலிருந்து ஒருகொடவத்தைப் பக்கம் இருக்கிற சோதனை முற்றத்துக்கு லொறியில் போகும். அங்கே வரிசை. முறை வந்தால் முத்திரையை வெட்டி, கதவைத் திறந்து, உள்ளே இருக்கிற சாமானை ஆட்கள் கையால் இறக்க வேண்டும். அதிகாரி பார்ப்பார், எண்ணுவார், தேவை என்றால் மாதிரி எடுப்பார். உணவு என்றால் சுகாதாரத் திணைக்களம், செடி கொடி விதை என்றால் தாவரத் தொற்றுத்தடுப்பு, இன்னும் சில பொருட்களுக்குத் தரக்கட்டளை நிறுவனம். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நேரம். முடிந்ததும் இறக்கினதை எல்லாம் திரும்ப ஏற்ற வேண்டும். ஸ்கேனருக்குள் போகிற பெட்டிக்குச் சில நிமிசம்தான் பிடிக்கும். கையால் இறக்கி ஏற்றுகிற பெட்டிக்கு ஒரு பகல் முழுக்கப் போகலாம்.

புறக்கோட்டையில் சின்னக் கடை வைத்திருக்கிற என்னுடைய மாமாவும் இன்னும் ரெண்டு வியாபாரிகளும் சேர்ந்து ஒரு கொள்கலன் எடுப்பார்கள். சமையல் பாத்திரம், பிளாஸ்ரிக் சாமான் இப்படி. ஒருமுறை தீபாவளிக்கு விற்க எடுத்த பெட்டிக்குச் சிவப்பு விழுந்து பதினொரு நாள் நின்றது. திறந்து பார்த்தபோது பத்திரத்தில் இருந்ததுதான் உள்ளேயும் இருந்தது. பிழை ஒன்றும் இல்லை. ஆனால் இலவச நாட்கள் முடிந்த பிறகு துறைமுக வாடகை ஒரு பக்கம், பெட்டியைத் திருப்பித் தரப் பிந்தியதற்குக் கப்பல் கொம்பனி டொலரில் போடுகிற தண்டம் இன்னொரு பக்கம், காத்து நின்ற லொறிக்குக் காசு, இறக்கி ஏற்றின ஆட்களுக்குக் கூலி. எல்லாம் முடிந்து சாமான் கடைக்கு வரும்போது தீபாவளிக்கு ரெண்டு நாள். "ஒரு பிழையும் செய்யாததுக்கு நான் கட்டின தண்டம் இது மருமகள்" என்று மாமா சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தத் தண்டத்தை அவர் எங்கே வைத்தார் என்று கேட்கத் தேவையில்லை. ஒவ்வொரு சட்டியின் விலையிலும் கொஞ்சம் கொஞ்சமாக வைத்தார்.

பெரிய கொம்பனிக்கு இது பெரிய விசயம் இல்லை. அதுக்கு மாதம் நூறு பெட்டி வரும், அதில் அஞ்சு பிந்தினால் தாங்கும். நம்பிக்கையான இறக்குமதியாளர் என்ற பதிவும் அதுக்குக் கிடைக்கும். மூன்று பேர் சேர்ந்து ஒரு பெட்டி எடுக்கிறவனுக்கு அந்த ஒன்றே நின்றுபோனால் அவ்வளவுதான். எல்லாப் பெட்டியையும் திறக்க வேண்டும் என்று நாங்கள் கன்டீனில் கத்தும்போது முதலில் மூடப்படுவது இந்தச் சின்னக் கடைகள்தான்.

சரி, பணக்கார நாடுகள் எல்லாத்தையும் பார்க்கிறதில்லையா? அமெரிக்காவின் கதையைப் பாருங்கள். 2001 செப்டெம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அவர்கள் பயந்தது கொள்கலனுக்குள் வரக்கூடிய அணுகுண்டுக்கு. 2002 இல் கொள்கலன் பாதுகாப்பு முன்முயற்சி என்று ஒன்றைத் தொடங்கினார்கள். தங்கட நாட்டுக்கு வரப் போகிற பெட்டியை, அது ஏற்றப்படுகிற துறைமுகத்திலேயே பார்த்துவிடுவது அதன் நோக்கம். கொழும்பும் அதில் சேர்ந்தது. கப்பலில் ஏற்ற 24 மணித்தியாலத்துக்கு முன்பே சரக்கு விபரத்தை அனுப்ப வேண்டும் என்ற விதியும் வந்தது. அதோடு நிற்கவில்லை. 2007 இல் ஒரு சட்டம் போட்டார்கள்: 2012 ஜூலைக்குள் அமெரிக்காவுக்கு வாற ஒவ்வொரு பெட்டியும், நூற்றுக்கு நூறு, வெளிநாட்டுத் துறைமுகத்தில் வைத்தே ஸ்கேன் செய்யப்பட வேண்டும்.

அந்த 2012 வந்தது. சட்டம் நடைமுறைக்கு வரவில்லை. ரெண்டு வருசம் தள்ளிப் போட்டார்கள். பிறகும் ரெண்டு வருசம். இப்படியே போகுது. சவுதாம்ப்டன், பாகிஸ்தானின் காசிம், ஹொண்டுராசின் புவேர்ட்டோ கோர்ட்டெஸ் ஆகிய துறைமுகங்களில் முன்னோட்டமாகச் செய்து பார்த்தார்கள். பெரிய மாற்றுத் துறைமுகங்களில் இது முடியாது என்று விளங்கியது. ஒரு கப்பலிலிருந்து நேராக மற்றக் கப்பலுக்குப் போகிற பெட்டியை எந்த வாசலில் நிறுத்தி ஸ்கேன் பண்ணுவது? எடுத்த படத்தை யார் உட்கார்ந்து பார்ப்பது? கதிர்வீச்சைப் பிடிக்கிற கருவி இன்னொரு பிரச்சினை. வாழைப்பழத்துக்கும் அது சத்தம் போடும், தரை ஓட்டுக்கும் போடும், பூனைக்குப் போடுகிற மண்ணுக்கும் போடும். இயற்கையாகவே அதுகளில் கொஞ்சம் கதிர்வீச்சு இருக்கு. நாளுக்கு நூறு முறை பொய்யாகச் சத்தம் போடுகிற மணியை நூற்றியோராவது முறை யார் கவனிப்பார்? அப்பாவின் நாற்பதாவது மூட்டைதான் இது.

இதையெல்லாம் சொல்லும்போது "அப்ப விட்டிடுவமா?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டும். ஏனென்றால் விட்டதால் என்ன நடந்தது என்பதும் எங்கட நாட்டிலேயே இருக்கு.

2017 இலிருந்து 2019 வரை பிரித்தானியாவிலிருந்து 263 கொள்கலன்கள் இங்கே வந்தன. பழைய மெத்தை, கம்பளம், மீள்சுழற்சிக்கு என்று பத்திரம் சொன்னது. உள்ளே குப்பை. வைத்தியசாலைக் கழிவும் இருந்தது. அதில் ஒரு பகுதி கட்டுநாயக்க வலயத்துக்குள் போய்விட்டது, மிச்சம் துறைமுகத்திலேயே மாதக்கணக்கில், சிலது வருசக்கணக்கில் கிடந்தது. 2019 இல்தான் வெளியே தெரிந்தது. சுற்றாடல் அமைப்பு ஒன்று நீதிமன்றம் போய், 2020 செப்டெம்பரில் முதல் 21 பெட்டிகள் திருப்பி அனுப்பப்பட்டு, கடைசித் தொகுதி போக 2022 ஆகிவிட்டது. நேரத்தோடு சிலதை மட்டும் திறந்து பார்த்திருந்தாலே இது நின்றிருக்கும். 263 ஐயும் திறக்கத் தேவையே இல்லை. ஒரே அனுப்புநர், ஒரே பெறுநர், ஒரே சரக்கு. அஞ்சைத் திறந்திருந்தால் போதும்.

2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள். 1,486 கொள்கலன்கள் ஏற்றின கப்பல். அதில் ஒரு பெட்டியில் நைத்திரிக் அமிலம் கசிந்தது. கசிவு கப்பலில் இருந்தவர்களுக்கு முன்பே தெரியும். கட்டாரின் ஹமாட், இந்தியாவின் ஹசிரா ஆகிய ரெண்டு துறைமுகங்களிலும் அந்தப் பெட்டியை இறக்கக் கேட்டு, ரெண்டும் மறுத்து, கடைசியில் கொழும்புக்கு வெளியே வந்து நங்கூரம் போட்டது. மே 20 இல் தீ. ஜூன் 2 இல் மூழ்கத் தொடங்கியது. பிளாஸ்ரிக் மணிகள் கரை முழுக்க. நீர்கொழும்பில் மீன்பிடிக்க முடியாமல் வீட்டில் இருந்தவர்களுக்குக் கொள்கலன் என்றால் என்ன என்று நாங்கள் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் கப்பல் தரப்பை 100 கோடி டொலர் இழப்பீடு கட்டச் சொன்னது. இங்கே ஸ்கேனர் எதுவும் உதவியிருக்காது. தெரிந்த விசயம் தெரிய வேண்டியவருக்கு நேரத்துக்குப் போகாததுதான் பிழை.

பெய்ரூட் இதைவிட மோசம். 2,750 தொன் அமோனியம் நைத்திரேற்று துறைமுகக் களஞ்சியத்தில் இருக்கு என்று சுங்க அதிகாரிகளுக்குத் தெரியும். நீதிமன்றத்துக்குத் திரும்பத் திரும்பக் கடிதமும் எழுதினார்கள். வருசக்கணக்கில் ஒருவரும் எதுவும் செய்யவில்லை. 2020 ஓகஸ்ட் 4 இல் வெடித்து 200 பேருக்கு மேல் செத்தார்கள்.

இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விசயம் விளங்குது. ஒன்றில் நேரத்தோடு பார்க்கவில்லை. மற்றதில் தகவல் பிந்தியது. மூன்றாவதில் கண்டுபிடித்தும் செயல்படவில்லை. மூன்றிலுமே "இன்னும் அதிகம் பெட்டியைத் திறக்கிறது" மருந்து இல்லை.

அதனால்தான் 323 பற்றிய எங்கட கோபம் கொஞ்சம் இடம் மாறிப் போய்விட்டது என்று நான் நினைக்கிறேன். நெரிசல் நேரத்தில் சில பெட்டிகளை விடுவது எந்த நாட்டிலும் நடக்கக்கூடியது. ஆனால் கணினி "இதைத் திற" என்று சொன்ன பெட்டியை ஒரு மனிசர் "வேண்டாம், விடு" என்று மாற்றினால், எந்தப் பெட்டி, என்ன காரணம், யார் முடிவு என்று பெட்டிக்குப் பெட்டி எழுதியிருக்க வேண்டும். யார் கேட்டாலும் அடுத்த நாளே எடுத்துக் காட்டக்கூடிய பதிவாக இருக்க வேண்டும். காரணம் பகிரங்கமாக இல்லாத இடத்தில் வதந்திதான் வளரும். வதந்திக்குப் பதில் சொல்ல இப்போது வழியும் இல்லை, ஏனென்றால் பெட்டிகள் எப்பவோ வெறுமையாகி, திரும்பக் கப்பல் ஏறிவிட்டன.

என்னைக் கேட்டால் நாலு விசயம் வேணும்.

ஒன்று, நான் மேலே சொன்ன பதிவு. சிவப்பை மாற்றுகிற கைக்கு ஒரு பெயர் இருக்க வேண்டும்.

ரெண்டு, பச்சை விழுந்த பெட்டிகளிலும் ஒரு சிறு பங்கைக் குலுக்கல் முறையில் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் பச்சை எடுக்கிற வித்தையைக் கற்றவன் வாழ்நாள் முழுக்கப் பச்சையிலேயே போவான். குப்பைப் பெட்டிகள் பத்திரத்தை நம்பித்தான் வந்தன.

மூன்று, திறந்து பார்த்துப் பிழை இல்லை என்றால், சோதனையால் வந்த வாடகையும் கூலியும் அந்த இறக்குமதியாளரின் தலையில் விழக் கூடாது. பாதுகாப்பு எல்லாருக்கும் என்றால் செலவும் எல்லாருக்கும்தான். வாற ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சின்னத் தொகை எடுத்து ஒரு நிதியில் போட்டால், சிவப்பு விழுந்து சுத்தமாக வெளியே வாற பெட்டியின் செலவை அதிலிருந்து கொடுக்கலாம். காப்புறுதி மாதிரி. அதிகாரிகளுக்கு ஒரு நன்மையும் இருக்கு. தேவையில்லாமல் பெட்டியை நிறுத்தினால் நிதியில் காசு குறையும், கேள்வி வரும். இப்போது தேவையில்லாமல் நிறுத்துவதற்கு விலை கொடுப்பது மாமா மட்டும்தான். இடையில் "நான் கெதியா எடுத்துத் தாறன்" என்று வாறவனுக்குச் சந்தை இருப்பதும் அதனால்தான்.

நாலு, மாதம் ஒருமுறை எண்ணிக்கை வெளிவர வேண்டும். எத்தனைக்குச் சிவப்பு, எத்தனை திறந்தது, எத்தனையில் பிழை, சராசரி எத்தனை நாள். "கடத்தல்காரனுக்கு உதவி" என்று இதற்குச் சொல்வார்கள். கடத்தல்காரனுக்குத் தேவை எந்த அளவுகோலில் பெட்டி தெரிவாகுது என்பதுதான். அதைச் சொல்லத் தேவையில்லை. நூறு திறந்து ஒன்றில் பிழை என்றால் தெரிவு செய்கிற முறை பிழை என்று எங்களுக்கு விளங்கும். அவ்வளவுதான்.

இன்னொரு விசயம். இதைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டி வராது என்று நினைக்கிறேன். ஆபத்தைப் பார்த்துத் தெரிவு செய்வதுதான் சரி என்று நானே எழுதிவிட்டேன். ஆனால் "ஆபத்து" என்று எதைப் பார்ப்பது? அடையாள அட்டையில் பிறந்த இடத்தைப் பார்த்து பஸ்ஸால் இறக்கின காலம் ஒன்று இருந்தது. அப்போதும் அதுக்குப் பெயர் பாதுகாப்புத்தான். ஒரு பெட்டியைச் சந்தேகிக்க வேண்டியது அதன் பாதை, நிறை, விலை, பத்திரத்தில் இருக்கிற முரண், அனுப்பினவரின் பழைய பதிவு இவற்றை வைத்து. உரிமையாளரின் பெயர் எந்தப் பாசையில் முடியுது என்பதை வைத்து இல்லை. கணினி தெரிவு செய்தால் பாகுபாடு இருக்காது என்று நம்பவும் முடியாது. கணினிக்கு விதி எழுதிக் கொடுப்பது மனிசர்தான். அந்த விதிகளை வெளியில் போட முடியாவிட்டாலும், சுங்கத்துக்கு வெளியே இருக்கிற ஒரு சுயாதீனமான ஆள் வருசத்துக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

இதெல்லாம் எழுதி முடித்து அப்பாவுக்கு போனில் வாசித்துக் காட்டினேன். நிதியைப் பற்றின இடத்தில் நிறுத்தச் சொன்னார். "அந்தக் காசும் கடைசியில சாமான் விலையிலதானே வரும்?" என்று கேட்டார். ஓம் அப்பா, வரும். ஆனால் எல்லாச் சாமானிலும் கொஞ்சம் கொஞ்சமாக வரும், மதவாச்சியால் வந்த தக்காளியில் மட்டும் வராது என்றேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு, "அப்ப சரி. அண்டைக்கு அநுராதபுரத்தில தக்காளி என்ன விலை, வவுனியாவில என்ன விலை எண்டு என்ட கொப்பியில இருக்கும். வேணுமெண்டா எடுத்துத் தாறன், அதையும் போடு" என்றார்.

கொப்பியை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.